போட்டதை எடுக்க முடியுமா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்க இன்டர்நெட்டைப் பத்திப் பேசணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்பா, நம்ம சங்கத்துல சாப்ட்வேர் கம்பெனியில இருக்குற பிள்ளைகளே அம்பது பேர் இருக்காங்களே, வரலாறு படிச்ச என்னை ஏன் கூப்பிடுத?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "அவங்க அதைச் செய்யுறவங்க அண்ணாச்சி. உபயோகிக்கிறவங்க ஒருத்தர் பேசினா நல்லாயிருக்கும்." அந்தத் தகுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன். கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியில் இருந்து தட்டிப் பார்ப்பவன் நான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. 1976-இல் தபால் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து, 2013-இல் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். 37 வருஷம். அம்பாசமுத்திரம், தென்காசி, கோவில்பட்டி என்று ஊர் ஊராகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி ஜனங்கள் கடிதத்தையும் பணத்தையும் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைத் தினமும் பார்த்தவன்.

சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க வருகிற கிராமத்து அம்மாமார்கள் வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்கமாட்டார்கள். "ஐயா, போட்டதை எப்ப வேணா எடுக்கலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் திருப்தியாக இருந்தால்தான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள்கூட இந்தக் கேள்வியை விட்டதில்லை. இன்று புதிதாக எந்த ஆன்லைன் சேவை வந்தாலும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியில் எது தேறியது, எது தேறவில்லை என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் தேறியவற்றைச் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விடுகிற கிழவன் என்று என்னை நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் திறந்தது. அதற்கு ஏழு வருஷம் கழித்து, 2002 ஆகஸ்டில், ரயில் டிக்கெட்டை இன்டர்நெட்டில் எடுக்கலாம் என்றார்கள். ஆனால் டிக்கெட் என்னவோ கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. 2005-இல்தான் நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. இப்போது போனில் வந்த செய்தியைக் காட்டினாலே போதும், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஒரு பெர்த்துக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துபோய் ரிசர்வேஷன் கவுண்டரில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ஆ... பாதி அரங்கம்! நமக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது யூபிஐ. நான் மணியார்டர் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன். பம்பாயில் வேலை பார்க்கிற மகன் அனுப்பிய பணம் ஊரில் இருக்கும் அம்மா கைக்கு வர ஒரு வாரம் ஆன காலத்தைப் பார்த்தவன். 2016-இல் யூபிஐ வந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. பூ விற்கிற ஆச்சிகூட கூடைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் போட்ட அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேகம் அல்ல. யூபிஐ-யில் பணம் உங்கள் பேங்க் கணக்கிலிருந்து அடுத்தவர் பேங்க் கணக்குக்கு நேராகப் போகிறது. நடுவில் இருக்கிற ஆப் ஒரு வாசல் மட்டும்தான். அந்த ஆப் நாளைக்கே கடையை மூடினாலும் உங்கள் பணம் பேங்கிலேயே இருக்கிறது, வேறு வாசல் வழியாகப் போய்க்கொள்ளலாம். இந்த ஆப்பிலிருந்து அந்த ஆப்காரருக்கும் அனுப்பலாம். தபாலின் அடிப்படையும் இதுதான். 1874-இல் பல நாடுகள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டன. அதனால்தான் பாளையங்கோட்டையில் ஸ்டாம்பு ஒட்டிப் போட்ட கடிதம் லண்டனில் மறுபடி ஸ்டாம்பு ஒட்டாமலே போய்ச் சேருகிறது. மின்னஞ்சலும் அப்படித்தான், எந்தக் கம்பெனி முகவரியிலிருந்தும் எந்தக் கம்பெனி முகவரிக்கும் போகும். எங்கே இப்படி ஒரு பொது ஏற்பாடு இருக்கிறதோ, அங்கே தைரியமாக நுழைகிறேன்.

யூபிஐ பற்றி ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் நம்பரைப் போடுங்க" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். அதேபோல, போலீஸ் என்று வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

மூன்றாவது டிஜிலாக்கர். 2015-இல் மத்திய அரசு ஆரம்பித்தது. மாணவச் செல்வங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றை வழங்கிய அலுவலகமே நேரடியாக அதில் கொடுத்திருந்தால் சட்டப்படி அது அசலுக்குச் சமம். நாமே போட்டோ பிடித்து ஏற்றி வைத்தது அப்படியில்லை, அது வெறும் நகல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீட்டில் சான்றிதழ்கள் சேற்றில் ஊறிப் போயின என்று நமக்குத் தெரியும். மொட்டை மாடியில் கயிறு கட்டித் துணி மாதிரி மார்க் ஷீட்டைக் காயப்போட்டார்கள். அந்த வேதனையைப் பார்த்த பிறகு இந்தச் சேவையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, இனி தேறாதவற்றுக்கு வருவோம்.

என்னோடு வேலை பார்த்த பழைய ஆட்களுக்கு வாழ்த்துத் தந்தி ஞாபகம் இருக்கும். தீபாவளி வாழ்த்துக்கு ஒரு நம்பர், கல்யாண வாழ்த்துக்கு ஒரு நம்பர் என்று பட்டியல் இருக்கும். நம்பரை மட்டும் அனுப்பினால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். இன்று பேரப்பிள்ளைகள் மஞ்சள் மூஞ்சிப் பொம்மைகளை அனுப்பும்போது எனக்கு அந்த நம்பர்கள்தான் ஞாபகம் வருகின்றன. மனுஷன் மாறவில்லை, சோம்பேறித்தனமும் மாறவில்லை!

அந்தத் தந்தி 2013 ஜூலையில் நின்று போனது. நான் ஓய்வு பெற்ற அதே வருஷம். கடைசி நாளில் தந்தி கொடுக்கவென்றே பல ஊர்களில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு சேவை பிறப்பதும் மறைவதும் இயற்கை, அதற்கு நான் அழவில்லை. ஆனால் தந்தி செத்தபோது, ஏற்கெனவே வந்த தந்திகள் நம் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருந்தன. என் அண்ணன் மகன் பிறந்த செய்தி வந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிளைத் தபாலகம் ஒன்றை மூடி அடுத்த ஊரோடு சேர்த்தாலும் பாஸ்புக் செல்லாமல் போகாது, கணக்கு அங்கே மாறிப் போகும்.

இன்டர்நெட்டில் அப்படியா? ஒரு சின்னப் பட்டியல் சொல்கிறேன். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று, லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கங்களைக் கட்டி வைத்த இடம், 2009 அக்டோபரில் மூடினார்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது. ஆர்குட்... இங்கே நாற்பது வயதைத் தாண்டிய தம்பிமார்கள் சிரிப்பதைப் பார்த்தால் அதில் நிறைய ரகசியம் இருக்கும்போல் தெரிகிறது! அது 2014 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். ஸ்கைப், வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தை முதன்முதலில் நமக்குக் காட்டியது, 2025 மே மாதம். இவை ஒன்றும் பெட்டிக்கடைகள் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் நடத்தியவை.

மூடுவதற்கு முன் அறிவிப்புக் கொடுத்தார்கள், உள்ளதை எடுத்துக்கொள்ளச் சில மாதம் அவகாசமும் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு யாருக்குப் போகும்? கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்கு. அவர் அதைப் பார்க்காவிட்டால்? அவரே இல்லாவிட்டால்?

இங்கே எங்கள் வகுப்புத் தோழர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை, என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பின் போட்டோக்காரர் அவர்தான். அப்பாவின் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவார். கன்னியாகுமரிக்கு டூர் போனது, ஹாஸ்டல் டே நாடகம், வகுப்பில் பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது திருட்டுத்தனமாக எடுத்தது என்று நூற்றுக்கும் மேல் படங்கள். ஓய்வு பெற்றபின் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இலவசமாக ஆல்பம் வைத்துக்கொள்ளும் ஒரு சேவையில் ஏற்றி எங்கள் எல்லோருக்கும் காட்டினார். அதில் பார்க்க மட்டும்தான் முடியும். இறக்கிக்கொள்ளும் வசதியை அந்தச் சேவை கணக்குக்காரருக்கு மட்டுமே வைத்திருந்தது. மாதம் ஒரு படம் வீதம் கீழே கதையும் எழுதுவார். அவர் கதைக்காகவே நாங்கள் காத்திருப்போம்.

2021 மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் போன் நம்பரை வீட்டில் யாரும் உபயோகிக்கவில்லை. நம் நாட்டில் 90 நாள் உபயோகமே இல்லாமல் இருந்தால் கம்பெனி அந்த நம்பரைத் துண்டித்துப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படித்தான் ஆனது. ஆல்பத்தைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஓடிபி வேண்டும். ஓடிபி வர நம்பர் வேண்டும். அவர் மனைவியும் மகளும் எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்தார்கள். பதில் வந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. ஒரு நாள் அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது. போகட்டும், அசல் ஆல்பம் வீட்டில் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டோம். அவர் வீடு ஆற்றங்கரைப் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதுவும் போனது.

இன்றைக்கு எங்கள் வகுப்புப் படமாக மிஞ்சி இருப்பது ஒன்றே ஒன்று. 1998-இல் நம் சங்கம் வெளியிட்ட மலரில் 42-ஆம் பக்கத்தில் அச்சான குரூப் போட்டோ. "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று வரிசையாகப் பெயர் போட்டிருக்கும். கறுப்பு வெள்ளை, மை கொஞ்சம் பரவி இருக்கிறது. ஆனால் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் அதில் இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

காகிதம் உசத்தி, கம்ப்யூட்டர் மட்டம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. காகிதமும் வெள்ளத்தில் போனதே! எது ஒரே இடத்தில் மட்டும் இருந்ததோ, யாரோ ஒருவர் கையில் மட்டும் சாவி இருந்ததோ, அது போனது. எது பல வீடுகளில் இருந்ததோ அது பிழைத்தது. 1998 மலர் முந்நூறு வீடுகளில் இருந்தது.

இன்டர்நெட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அதே 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அப்போது தமிழுக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது. ஒருவர் தட்டியது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கோழி கிளறியது மாதிரி தெரியும். அதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது, தமிழ் 99 விசைப்பலகை வந்தது. பிறகு யுனிகோடு வந்தது. ஒவ்வொரு முறை எழுத்துமுறை மாறியபோதும் அந்தத் தொண்டர்கள் பழையதை எல்லாம் புதியதற்கு மாற்றி வைத்தார்கள். படிப்பவர்களும் தங்கள் கம்ப்யூட்டரில் நகல் வைத்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளின் கடைகள் மூடிப் போன இதே காலத்தில், அந்த நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. எடுத்துப் போக வழி வைத்ததும், கவனித்துக்கொள்ள ஆள் இருந்ததும்தான் காரணம்.

அடுத்து "இலவசம்" என்ற சொல். 2004-இல் ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் இலவசம் என்றார்கள், ஊரே வாயைப் பிளந்தது. பிறகு படங்களுக்குக் கணக்கில்லாமல் இடம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்தி, எல்லாம் சேர்த்து 15 ஜிபி, அதற்கு மேல் காசு என்றார்கள். அவர்கள் கடை, அவர்கள் விதி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இலவசமாகக் கொடுத்தவன் விதியை மாற்றும்போது நமக்குச் சண்டை போட இடமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

தபாலகத்தில் மூன்று வருஷம் போடவும் எடுக்கவும் இல்லை என்றால் அதை "சைலண்ட் அக்கவுண்ட்" என்போம். கணக்கு தூங்கும், பணம் எங்கும் போகாது. புது விண்ணப்பம் எழுதிப் பாஸ்புக்கோடு வந்தால் எழுப்பிக் கொடுப்போம். கூகுள் கணக்கோ இரண்டு வருஷம் தொடாமல் இருந்தால் அழித்துவிடலாம் என்று விதி. 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. அதே கூகுளில் ஒரு நல்ல வசதியும் உண்டு. நாம் நீண்ட நாள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நம்ம பாஸ்புக்கில் நாமினி போடுகிறோமே, அதே கதைதான். பத்து நிமிஷ வேலை. அறுபது தாண்டியவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள். அச்சானியமாக நினைக்க வேண்டாம். உயில் எழுதியவன் எல்லாம் மறுநாளே செத்தா போனான்?

இன்னொரு தொல்லை உண்டு. சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஒன்பது வாசல். முதல் மாதம் ஒரு ரூபாய் என்பான், அடுத்த மாதம் ஐந்நூறு எடுப்பான். நிறுத்தலாம் என்று போனால், "உண்மையாகவே எங்களை விட்டுப் போகிறீர்களா?" என்று கல்யாண வீட்டில் கையைப் பிடித்து நிறுத்துகிற மாமா மாதிரி கேட்பான். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது, விலக முடியாதபடி சந்தாவைக் கட்டிப்போடுவது, "இன்னும் இரண்டே இருக்கிறது" என்று பொய் அவசரம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. புதிதாக எதிலாவது சேருமுன் விலகும் வழி எங்கே என்று நான் தேடிப் பார்த்துவிடுவேன். கண்ணில் படாவிட்டால் சேரமாட்டேன்.

கடைசியாக, எல்லோரும் பேசுகிற ஏஐ. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்குப் பிறகு அதேபோலப் பல வந்துவிட்டன. என் பேத்தி போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறது. எனக்குக் கண் மங்கல், சின்ன எழுத்து தட்ட வராது. நான் பேசப் பேச அது எழுதுகிறது. கரண்ட் ஆபீஸுக்கு ஒரு மனு வேண்டும் என்றால் இரண்டு நிமிஷத்தில் தயார். அந்த வகையில் எனக்கு அது கைத்தடி.

ஆனால் ஒரு நாள், மறைந்த நம் பேராசிரியர் ஒருவருக்கு நினைவஞ்சலி எழுத வேண்டியிருந்தது. பெயரும் கல்லூரியும் சொல்லி அவரைப் பற்றி அதனிடம் கேட்டுப் பார்த்தேன். அடேயப்பா! எவ்வளவு அழகான தமிழ்! அவர் வாங்காத விருது மூன்று, எழுதாத புத்தகம் இரண்டு, போகாத வெளிநாடு ஒன்று. சந்தேகம் என்ற வாசனையே இல்லாமல் எழுதியிருந்தது. அவர் வகுப்பில் சாக்பீஸைச் சரியாகத் தூக்கத்தில் இருக்கிறவன் மேலேயே எறிவார் என்பதும், பரீட்சைப் பணம் கட்ட முடியாத பையன்களுக்கு யாருக்கும் தெரியாமல் கட்டுவார் என்பதும் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அதை நாம் யாரும் எழுதி வைக்கவில்லையே. தபாலில் விலாசம் தெரியாத கடிதம் வந்தால், "விலாசதார் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். இந்த இயந்திரமோ ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறது. ஆகவே மாணவச் செல்வங்களே, அதனிடம் எழுத்து வேலை வாங்குங்கள், சாட்சி மட்டும் கேட்காதீர்கள். நினைவஞ்சலியை நானே எழுதினேன். இந்த மலரிலும் அது வருகிறது.

இனி, இத்தனை தூரம் பொறுமையாகக் கேட்ட உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

முதலாவது சங்கத்துக்கு. நம் சங்கத்துக்கு இப்போது மின்னஞ்சல் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, வீடியோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் சொந்தப் போன் நம்பரில் இருக்கிறது. தபாலகத்தில் போஸ்ட்மாஸ்டர் மாறும்போது சார்ஜ் ரிப்போர்ட் என்று ஒன்று எழுதுவோம். ரொக்கம் இவ்வளவு, ஸ்டாம்பு இவ்வளவு, சாவி, முத்திரை என்று எண்ணி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுவோம். சாவி ஆளுக்குச் சொந்தமில்லை, நாற்காலிக்குச் சொந்தம். அதேபோல் நிர்வாகிகள் மாறும் ஒவ்வொரு முறையும் எந்தெந்தக் கணக்கு, எந்த நம்பர், பாஸ்வேர்டு எந்த உறையில் என்று எழுதிக் கைமாற்ற வேண்டும். 1998 மலர் உட்பட எல்லா மலர்களையும் ஸ்கேன் செய்து, ஒரு நகல் கல்லூரி நூலகத்தில், ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று வெளியூரில் ஓர் உறுப்பினர் வீட்டில் என்று மூன்று இடத்தில் வைக்க வேண்டும். மூன்றும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்க வேண்டாம்! செலவு இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க்தான். அந்தச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது என்று இந்த மேடையில் சொல்லும்படி என் நண்பர்கள் பணித்திருக்கிறார்கள்.

இரண்டாவது மாணவர்களுக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். முன்னாள் மாணவர்கள் பலர் பழைய படங்களைப் பையில் கொண்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் ஸ்கேன் செய்து கொடுங்கள். செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், எந்த வருஷம், எங்கே எடுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத படம் விலாசம் இல்லாத கடிதம். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் 38 பேர் படித்தோம், இன்று வந்திருப்பது 11 பேர். அடுத்த சந்திப்பு வரை தள்ளிப் போட வேண்டாம்.

பெரியவர்களின் போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். எங்கள் விரலை வைத்தே செய்ய வையுங்கள். நேரம் ஆகும், கோபம்கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் உங்களைப் போன்றவர்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக் கொடுத்தவர்கள்தானே!

 மேஜை வராந்தாவின் கிழக்குக் கோடியில், நூலக வாசலுக்குப் பக்கத்தில். நான் அங்கேதான் இருப்பேன்.